கல் வளர்வதும் கொழுந்து வளர்வதும்

தலவாக்கலையில் உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். படிகாரக் கரைசலில் ஒரு சிறு துண்டை நூலில் கட்டித் தொங்கவிட்டால் அது நாளுக்கு நாள் பெரிதாகிறது. மூலை உடைந்தால் அந்த மூலை மறுபடி வந்துவிடுகிறது. உடைந்த துண்டை வேறொரு கரைசலில் போட்டால் அதுவும் தனியாக வளர்கிறது. தேயிலைச் செடியும் வளர்கிறது, கவ்வாத்து வெட்டினால் துளிர்க்கிறது, ஒரு சிறு தண்டை நட்டால் புதுச் செடியாகிறது. அப்படியிருக்க, ஒன்றுக்கு உயிருண்டு, மற்றதற்கு இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறோம்? கூடவே இன்னொன்றையும் கேட்டிருக்கிறார். பொகவந்தலாவைப் பக்கம் மாணிக்கக் குழியில் வேலை செய்த அவருடைய தாத்தா, சிறிய கல்லைக் குழியிலேயே விட்டுவைத்தால் சில வருடங்களில் பெருத்துவிடும் என்பாராம். அது உண்மையா?

தாத்தாவின் கல்லுக்குக் கடைசியில் வருகிறேன், ஏனென்றால் முதல் கேள்வி தெளிந்தால் அதில் பாதி தானாகவே தெளிந்துவிடும். குழப்பத்துக்கு ஒரு காரணம் ‘வளர்’ என்ற சொல்லே. தமிழில் பிள்ளை வளர்கிறது, நகம் வளர்கிறது, பிறை வளர்கிறது, கறையான் புற்று வளர்கிறது, வட்டிக்கு வாங்கிய கடன்கூட வளர்கிறது. பெரிதாகும் எதற்கும் இந்தச் சொல்லைத் தாராளமாகக் கொடுத்துவிடுகிறோம், ஆனாலும் பிறை வளர்வதைப் பார்த்து நிலவுக்கு உயிருண்டு என்று யாரும் வாதாடுவதில்லை. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின்படி வரிசைப்படுத்தும்போது ஓரறிவுப் படியில் புல்லையும் மரத்தையும் வைக்கிறது. அந்த வரிசையில் கல் வருவதே இல்லை. என் பதிலும் அந்தப் பக்கம்தான் சாயும். படிகம் வெளியிலிருந்து வருவதைத் தன்மேல் அடுக்கிக்கொண்டு ஓய்வை நோக்கிப் போகிறது. உயிரோ உள்ளே எடுத்து, உடைத்து, வேறொன்றாக மாற்றி, அந்த ஓய்வு வந்துவிடாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறது.

சொல்லைப் பற்றி இன்னொரு சிறு குறிப்பு. எங்கள் பாடநூல்கள் ‘பளிங்கு’, ‘பளிங்காக்கல்’ என்று எழுதும். தமிழ்நாட்டில் ‘படிகம்’ என்பார்கள். இரண்டும் ஒன்றே. படிகம் என்பது ‘ஸ்படிகம்’ என்ற வடசொல்லின் வழியில் வந்தது என்றாலும் தமிழ்க் காதுக்குப் ‘படிதல்’ என்றே கேட்கிறது, நடப்பதும் உண்மையில் படிதல்தான். ஆகவே இந்தப் பதிலில் படிகம் என்றே எழுதுகிறேன்.

படிகம் எப்படிப் பிறக்கிறது என்பதைக் காண ஆய்வுகூடம் தேவையில்லை, நுவரெலியாவில் ஒரு போத்தல் தேன் போதும். நல்ல தேனில் நீர் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தச் சிறிதளவு நீரில், அது சாதாரணமாகத் தாங்கக்கூடியதைவிட அதிகமான குளுக்கோசு கரைந்து நிற்கிறது. இதையே மிகைநிரம்பிய கரைசல் என்கிறோம். குளுக்கோசு படிகமாவதற்கு மிகவும் ஏற்ற வெப்பநிலை ஏறத்தாழ 14 பாகை செல்சியஸ், அதாவது மலையகத்து அலுமாரிக்குள் இருக்கும் குளிர். அதனால்தான் கொழும்பில் மாதக்கணக்காகத் தெளிவாக இருக்கும் தேன் இங்கே அடியில் வெள்ளையாக உறைந்து, கரண்டியில் மணல்போல நறநறக்கிறது. உடனே சீனி கலந்துவிட்டான் என்று விற்றவனை ஏசுவார்கள். பெரும்பாலும் அவன்மேல் குற்றமிருக்காது. போத்தலை இளஞ்சூடான தண்ணீரில் வைத்தால் தேன் தெளிந்துவிடும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத சில துகள்கள் கரையாமல் மிஞ்சிவிட்டால் இரண்டே வாரத்தில் மறுபடி உறையும்.

அந்தத் துகள்களில்தான் விடயமே இருக்கிறது. கரைசலில் சில மூலக்கூறுகள் தற்செயலாக ஒன்றுகூடி ஒழுங்காக அமைவது ஒவ்வொரு கணமும் நடக்கிறது, ஆனால் அப்படிக் கூடிய சிறு கூட்டங்களில் பெரும்பாலானவை உடனே கலைந்துவிடுகின்றன. கூட்டம் சிறிதாக இருக்கும்போது அதன் மூலக்கூறுகளில் பெரும்பகுதி மேற்பரப்பில் நிற்கின்றன. மேற்பரப்பில் நிற்பவற்றுக்கு எல்லாப் பக்கமும் பிடிமானம் கிடையாது. ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டிய பிறகே உள்ளே இருப்பவற்றின் பிடிமானம் மேற்பரப்பின் நட்டத்தை ஈடுசெய்கிறது, அதன்பின் கூட்டம் கலையாமல் பெருக்கிறது. அந்த எல்லையைத் தாண்டுவது கடினம் என்பதால்தான் மிகத் தூய்மையான நுண்ணிய நீர்த்துளிகளைப் பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 38 பாகை வரை உறையாமல் குளிர்விக்க முடிகிறது. தூசி, நூல், போத்தலின் கீறல், ஏற்கெனவே உருவான படிகத் துண்டு ஆகியவை அந்த எல்லையைச் சுற்றிப் போகும் குறுக்குவழிகள். கற்கண்டு காய்ச்சுபவர்கள் பாகினுள் நூல் கட்டுவது இதற்காகத்தான்.

கரு, அதாவது அந்த எல்லையைத் தாண்டிய கூட்டம், உருவான பின் வளர்ச்சி முழுவதும் மேற்பரப்பில் நடக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த நிக்கோலாஸ் ஸ்டெனோ 1669இலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்: படிகம் தாவரத்தைப்போல உள்ளிருந்து வளர்வதில்லை, சூழ்ந்திருக்கும் பாய்மத்திலிருந்து பொருள் அதன் முகங்களின்மேல் வந்து சேர்கிறது. முகங்கள் சிறிதானாலும் பெரிதானாலும் அவற்றுக்கிடையிலான கோணம் மாறாது என்பதையும் கண்டவர் அவரே. ஒரு மில்லிமீற்றர் அளவுள்ள உப்புக் கட்டியின் ஒரு விளிம்பில் ஏறத்தாழ 35 இலட்சம் அயன்கள் வரிசையாக நிற்கின்றன. அந்த வரிசையைப் போடுவதற்கு வரைபடமோ மேற்பார்வையோ எதுவுமில்லை. வந்து ஒட்டும் அயனுக்கு மூன்று பக்கம் பிடிமானம் கிடைக்கும் இடம் எதுவோ, அங்கே அது தங்குகிறது; வழவழப்பான தளத்தில் தனியாக வந்து விழுந்தது பெரும்பாலும் திரும்பக் கரைந்துவிடுகிறது. ஆகவே படிகம் வளரத் தளத்தில் எப்போதும் ஒரு படிக்கட்டு இருக்க வேண்டும். ஓர் அடுக்கு முடிந்ததும் படிக்கட்டு மறைந்துவிடுமே, பிறகு எப்படி வளர்கிறது என்ற கேள்விக்கு 1949இல் சார்ள்ஸ் பிராங்க் விடை சொன்னார். படிகத்தின் அடுக்கில் திருகுபோன்ற ஒரு குறை இருந்தால், படிக்கட்டு முடிவேயில்லாமல் சுருண்டு சுருண்டு ஏறிக்கொண்டிருக்கும். குறையே இல்லாத படிகம் சற்றே மிகைநிரம்பிய கரைசலில் அநேகமாக வளரவே மாட்டாது.

உடைந்த மூலை ஏன் திரும்ப வருகிறது என்பதும் இங்கேயே விளங்கும். உடைந்த இடம் கரடுமுரடானது, அங்கே படிக்கட்டுகள் ஏராளம், ஆகவே வந்து ஒட்டுபவை அங்கே வேகமாகத் தங்குகின்றன. வேகமாக வளரும் பக்கம் தன்னைத்தானே மூடிக்கொண்டு மறைந்துபோக, மெதுவாக வளரும் முகங்கள் மட்டும் எஞ்சுகின்றன. படிகாரத்தில் அப்படி எஞ்சுபவை எட்டு முகங்கள், இரண்டு சதுரக் கூம்பகங்களை அடியோடு அடி ஒட்டினாற்போல. காயம் ஆறியது என்று நாம் காணும் அந்தக் காட்சியில், காயம் என்று படிகத்துக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை.

இதை ஒரு கவ்வாத்து மலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். என் தகப்பனார் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர், அதனால் இந்தப் பகுதியில் சற்று நின்றுதான் போவேன். இலை ஒன்றுகூட இல்லாமல், மணிக்கட்டுத் தடிப்பில் வெட்டிய குச்சிகள் மட்டும் நிற்கும் செடியிடம் ஒளித்தொகுப்புக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் சில வாரங்களில் குச்சிகளின் பக்கங்களில் செந்நிறத் துளிர் முட்டிக்கொண்டு வருகிறது. அதற்கான உணவு அப்போது வெளியிலிருந்து வந்ததில்லை. முன்பு இலைகள் செய்து வேர்களில் சேர்த்துவைத்த மாப்பொருள் அது. வேரில் இருப்புக் குறைவாக உள்ள செடியைக் கவ்வாத்து வெட்டினால் துளிர்க்காமலே செத்துப்போகும் என்பதால்தான் வெட்டுவதற்கு முன் வேரை நறுக்கி அயடின் தடவிப் பார்க்கிறார்கள். கருநீலமாக மாறினால் வெட்டலாம், வெளிறி நின்றால் கொழுந்து பறிப்பதை நிறுத்திச் செடிக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். படிகாரத் துண்டுக்கு இப்படி ஓர் அயடின் சோதனை இருக்க முடியாது, ஏனென்றால் அதற்குச் சேமிப்பு என்பதே கிடையாது. கரைசல் இருந்தால் மூலை வரும், இல்லையென்றால் உடைந்தபடியே கிடக்கும், அதனால் அதற்கு ஒரு கேடும் வராது.

துளிர் வளரும் விதமும் வேறு. கொழுந்தின் நுனியில் உள்ள பிரியிழையத்தில் கலங்கள் பிரிகின்றன. பிரிந்த கலங்கள் நீரை உள்ளிழுத்து, அந்த அமுக்கத்தால் தம் சுவர்களைத் தள்ளி நீள்கின்றன. எடுத்துக்கொள்ளும் பொருள் ஒன்று, ஆகும் பொருள் வேறு. காபனீரொட்சைட்டும் தண்ணீரும் மண்ணின் நைதரசனும் உள்ளே போய், சுவரின் செலுலோசாகவும் புரதமாகவும் தேநீரின் கஃபீனாகவும் மாறுகின்றன. படிகாரம் படிகாரத்தை மட்டுமே எடுக்கும். கரைசலில் அந்தப் பொருள் ஏற்கெனவே ஆயத்தமாக இருக்க வேண்டும்.

ஜனவரி, பெப்ரவரியில் இந்த இரண்டு வளர்ச்சிகளும் ஒரே இலையில் சந்திப்பதைப் பார்க்கலாம். முகிலில்லாத இரவில் இலை தன் வெப்பத்தை வானுக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகிறது. பூச்சியத்துக்குக் கீழே இறங்கியதும் காற்றிலுள்ள நீராவி திரவமாகாமலே இலையின் ஓரத்தில் பனி ஊசிகளாகப் படிகிறது. விடியற்காலையில் டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தால், இலையின் பற்களிலும் மெல்லிய மயிரிலும்தான் அந்த ஊசிகள் முதலில் பிடித்திருக்கும், ஏனென்றால் துருத்தி நிற்கும் இடத்துக்கே நீராவி முதலில் வந்து சேர்கிறது. வெயில் ஏறியதும் கொழுந்து தீயில் வாட்டியதுபோலக் கருகுகிறது. இலைக்குள் கலங்களுக்கு இடையே உருவான பனிக்கட்டி, கலங்களிலிருந்த நீரை வெளியே இழுத்து அவற்றை வற்றச் செய்துவிட்டதன் விளைவு அது.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. பல தாவரங்களின் இலைகளில் வாழும் சூடோமோனாஸ் சிரிங்கே என்ற பற்றீரியா ஒரு புரதத்தைத் தன் மேற்பரப்பில் வைத்திருக்கிறது. நீர் மூலக்கூறுகளைப் பனிக்கட்டியின் ஒழுங்கில் நிற்கவைக்கும் அச்சு அது. அந்தப் புரதம் இருந்தால் நீர் பூச்சியத்துக்கு இரண்டு பாகை கீழேயே உறைந்துவிடும். அதாவது, உயிருள்ள ஒன்று உயிரற்ற ஒன்றுக்கு விதை செய்து கொடுக்கிறது.

உறையும்போது நீர் வெப்பத்தை வெளிவிடுகிறது என்பதையும் மறக்கக் கூடாது, ஒரு கிராமுக்கு 334 யூல். உலகில் பல இடங்களில் உறைபனி இரவுகளில் பயிர்மேல் தொடர்ந்து நீர் தெளிப்பது இந்த வெப்பத்துக்காகத்தான். ஒழுங்கில்லாத நீரிலிருந்து இவ்வளவு ஒழுங்கான படிகம் எப்படித் தானாக வரும் என்று கேட்பவர்களுக்கும் இதுவே விடை: படிகத்துக்குள் ஒழுங்கு கூடும்போது வெளியேறிய வெப்பம் சுற்றுப்புறத்தில் அதைவிட அதிக ஒழுங்கின்மையைச் சேர்த்துவிடுகிறது. உயிரும் இதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான், ஆனால் கணக்கு நடக்கும் முறை வேறு. படிகம் கரைசலின் மிகையைத் தீர்த்து, சமநிலை வந்ததும் நின்றுவிடும். நின்ற பிறகும் அது முழுமையான படிகமே. உயிருக்குச் சமநிலை வந்தால் அதற்குச் சாவு என்று பெயர். நாற்றுமேடையில் இருக்கும் கன்றுக்கு ஒரு வாரம் நீர் தவறினால், அது வளராமல் நிற்பதோடு விடயம் முடிந்துவிடாது.

அடுத்தது பெருக்கம். தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் தொடங்கப்பட்டு உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே சென்ட் கூம்ஸில் இருப்பதால், தண்டு நட்டுப் பெருக்கும் வீபீ தேயிலையைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தாய்ச் செடியிலிருந்து ஓர் இலையும் அதன் கணுவும் உள்ள சிறு தண்டை வெட்டிப் பையில் நட்டால் வேர்விட்டு, தாயின் அச்சான செடி வருகிறது. படிகத் துண்டைப் புதுக் கரைசலில் போடுவதுபோலத்தான் இது தோன்றும். 1998இல் எயிட்சு நோய்க்கான ரிட்டோனவிர் மருந்துக்கு நேர்ந்தது இந்த ஒப்புமையை இன்னும் பலமாக்கும். அந்த மருந்தின் மூலக்கூறுகள் அதுவரை காணாத வேறொரு படிக அமைப்பில் திடீரெனத் தோன்றின. அந்தப் புது அமைப்பு குறைவாகவே கரைவது. அதன் கண்ணுக்குத் தெரியாத துகள் போன இடமெல்லாம் பழைய அமைப்பைச் செய்ய முடியாமல் போனது, தொற்றுநோய் பரவியதைப்போல. மருந்தைச் சந்தையிலிருந்து எடுத்து வேறு வடிவில் தயாரிக்க வேண்டியதாயிற்று.

ஆனால் துண்டு எதைக் கடத்துகிறது என்று பார்க்க வேண்டும். படிகத் துண்டு கடத்துவது ஒரே ஒரு செய்தியை: ‘என்னைப்போல நில்.’ அந்தச் செய்தி அதன் முகத்திலேயே இருக்கிறது, எத்தனை கோடி அடுக்கு போட்டாலும் அதே வரிதான். தண்டு கடத்துவது, வேர் எங்கே, இலை எங்கே, பூ எப்போது என்பதையெல்லாம் எழுதிவைத்த டீ.என்.ஏ.யை. இயற்பியலாளர் எர்வின் ஷ்ரோடிங்கர் 1943இல் டப்ளினில் ஆற்றிய சொற்பொழிவுகளில், பரம்பரைப் பொருள் ஒரே ஒழுங்கு திரும்பத் திரும்ப வராத ஒரு படிகமாக இருக்க வேண்டும் என்று ஊகித்தார். பத்து வருடம் கழித்து டீ.என்.ஏ.யின் அமைப்பு தெரிந்தபோது அது ஏறக்குறைய அப்படியே இருந்தது. கோலத்தில் ஒரே புள்ளிச் சதுரத்தைச் சுவரிலிருந்து சுவர்வரை போடுவதற்கும், அதே புள்ளிகளால் ஒரு கடிதம் எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. களிமண் படிகங்களின் குறைகளே ஆதியில் பரம்பரைச் செய்தியைச் சுமந்திருக்கலாம் என்று ஸ்கொட்லாந்தின் கெய்ன்ஸ் சிமித் 1960களில் முன்வைத்த கருத்து அழகானது. ஆனால் பின்னர் படிகங்களை வளர்த்துச் சோதித்தபோது, குறைகள் அடுத்த தலைமுறைக்கு நம்பகமாகப் போகாமல் கலங்கிப்போயின. எனக்கு அந்தக் கருத்தில் நம்பிக்கை குறைவு.

எல்லைக்கோடு எங்கும் கூர்மையாக இல்லை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். 1935இல் வெண்டெல் ஸ்டான்லி புகையிலைத் தேமல் வைரசைப் படிகமாக்கினார். அந்தப் படிகங்களைக் கரைத்து இலையில் தேய்த்தால் நோய் வந்தது. உயிர்களும் தமக்குள் படிகம் வளர்க்கின்றன: சரியாக வேகாத சேம்புக் கிழங்கு தொண்டையில் அரிப்பது, அதன் கலங்கள் கட்டுக்கட்டாக அடுக்கிவைத்திருக்கும் கல்சியம் ஒட்சலேற்று ஊசிகளாலும்தான். நம் பற்களின் மிளிரியும் முட்டையோடும் படிகங்களே. ஆனால் சேம்பு தன் ஊசிகளின் இடத்தையும் நீளத்தையும் தானே தீர்மானிக்கிறது. அதே ஒட்சலேற்று நம் சிறுநீரகத்தில் கேட்பாரற்று வளர்ந்தால் அது கல்.

இனித் தாத்தாவின் கல். நீலமும் மாணிக்கமும் குருந்தம் என்ற கனிமத்தின் வகைகள்: அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்தது, நீலத்துக்கு நிறம் தருவது சிறிதளவு இரும்பும் தைத்தேனியமும். அவை மலையகப் பாறைகளுக்குள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கண்டங்கள் மோதிக் கோண்டுவானா உருவான காலத்தில், 800 பாகைக்கும் அதிகமான வெப்பத்தில் வளர்ந்தவை. வளர்ச்சி அத்தோடு நின்றுவிட்டது. நீண்ட காலம்தான் கல்லைப் பெரிதாக்குகிறது என்று நினைப்பதும் பிழை. 1902இல் வேர்னுயில் என்ற பிரெஞ்சுக்காரர் அலுமினியம் ஒட்சைட்டுப் பொடியைச் சுவாலையின் ஊடாகச் சொரியவிட்டுச் சில மணித்தியாலங்களில் மாணிக்கம் வளர்த்துக் காட்டினார். மறுபக்கம், மெக்சிக்கோவின் நைக்கா குகையில் ஏறத்தாழ 11 மீற்றர் நீளத்துக்கு வளர்ந்திருக்கும் ஜிப்சம் படிகங்கள், அளந்து பார்த்த வேகத்தில், ஒரு மீற்றர் தடிக்கவே ஏறத்தாழ பத்து இலட்சம் ஆண்டுகள் எடுக்கும். வேகத்தைத் தீர்மானிப்பது ஊட்டமும் வெப்பமும்.

இல்லம் எனப்படும் கூழாங்கல் படையில் குருந்தத்துக்கு அந்த இரண்டும் கிடையாது. அங்கே ஓடும் குளிர்ந்த நீரில் குருந்தம் கரைவதில்லை. கரையாத பொருள் படிவதற்கும் வழியில்லை. பாறை சிதைந்தபின் மழையும் ஆறும் உருட்டிக்கொண்டு வந்து, பாரத்தால் சரளையோடு தங்கவைத்த கல் அது. சட்டியில் அரித்தெடுத்த ஒரு நீலக் கல்லை விரலில் உருட்டிப் பார்த்தால் விளிம்புகள் மழுங்கியிருக்கும், முகங்கள் கண்ணாடித்தன்மை இழந்து சொரசொரப்பாக இருக்கும். பாறைக்குள் இருந்தபோது அதற்குக் கூரான ஆறு பக்கங்கள் இருந்தன. தாத்தா விட்டுவைத்த சிறிய கல் அந்தக் குழியில் பெருத்திருக்காது, ஆறு பாயும் இடமாக இருந்தால் மயிரிழையளவு தேய்ந்தும் இருக்கும். அடுத்த முறை அதே குழியில் பெரிய கல் ஒன்று கிடைத்திருந்தால், அது முதல் முறை கண்ணில் படாத இன்னொரு கல்.